எலக்ட்ரானா, டௌரியா, பழைய வி.பி.யா? ஒரு எடைமேடை கம்ப்யூட்டரை வச்சு ஒரு கணக்கு

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல வந்த "ம்", "அது வந்து" எல்லாம் எடுத்தாச்சு. ரெண்டு இடத்துல வரிசை மாத்தியிருக்கோம்.)

சமீபத்துல உங்ககிட்ட இருந்து வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "டெஸ்க்டாப் ஆப் எழுதணும், எலக்ட்ரானா, டௌரியா, ஃப்ளட்டரா?" இதுக்கு யூடியூப்ல வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா முக்கால்வாசியில ஒரு டூ-டூ லிஸ்ட் ஆப்பை மேக்புக்ல ஓட்டிக் காட்டி, இது இத்தனை எம்.பி., அது இத்தனை எம்.பி.ன்னு ஒரு பட்டியல் போட்டு முடிச்சுடுறாங்க. நான் வேற மாதிரி போகப் போறேன். நம்ம ஏரியாவுல இருக்கற ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு, அது மேல ஒவ்வொரு பிளாட்ஃபார்மா வச்சுப் பார்க்கலாம்.

எடைமேடை கம்ப்யூட்டர். வே பிரிட்ஜ்னு சொன்னாத்தான் நிறைய பேருக்குப் புரியும். திருவொற்றியூர்ல இருந்து எண்ணூர் போற வழியில, மணலி பக்கம், மாதவரம் ஜங்ஷன் தாண்டி, எங்க பார்த்தாலும் "60 டன்", "100 டன்"னு போர்டு தொங்கும். லாரி மேடை மேல ஏறி நிக்கும். பக்கத்துல ஒரு சின்ன ரூம், ஒரு ஜன்னல், உள்ள ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். டிரைவர் கையை நீட்டுவார், சீட்டு வரும்.

அந்த ரூமுக்குள்ள என்ன நடக்குது

மேடைக்குக் கீழ லோட் செல் இருக்கும். மேல பாரம் ஏறும்போது அதுல ரொம்பச் சின்ன அளவுல மின் மாற்றம் வரும். எல்லா லோட் செல்லோட கேபிளும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்ல சேர்ந்து, ரூமுக்குள்ள இருக்கற இண்டிகேட்டர்னு ஒரு பெட்டிக்கு வரும். சிவப்பு எழுத்துல எடை காட்டுமே, அதுதான். அந்த இண்டிகேட்டர் பின்னாடி ஒரு ஆர்.எஸ்-232 சீரியல் போர்ட். அது வழியா ஒவ்வொரு நொடியும் பல தடவை, வெறும் எழுத்தா, எடையைத் துப்பிக்கிட்டே இருக்கும். லாரி ஏறும்போது எண் ஆடும், நின்ன பிறகு அடங்கும். அடங்கின எண்ணை மட்டும் சாஃப்ட்வேர் எடுக்கணும். காலி வண்டி எடை ஒண்ணு, லோடு வண்டி எடை ஒண்ணு, கழிச்சா சரக்கு எடை. கேட்கறதுக்கு ஒரு மணி நேர வேலை மாதிரி இருக்குல்ல?

இந்தச் சின்ன கழித்தல் கணக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க. 2016 ஜூலை 1-லிருந்து சோலாஸ் விதிப்படி, சரிபார்த்த மொத்த எடை கொடுக்காத கண்டெய்னரை கப்பல்ல ஏத்தக் கூடாது. நம்ம சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி எல்லாத்துக்கும் இது பொருந்தும். அடுத்தது ரோடு. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். வாடகைக்கு ஒரே ஒரு வண்டி ஓட்டறவருக்கு இது ஒரு ட்ரிப்போட லாபத்தையே தின்னுடும். அதனால அந்த சீட்டுல இருக்கற எண் தப்பா இருந்தாலும் பிரச்சினை. சிஸ்டம் தொங்கி, பின்னாடி இருபது வண்டி எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் நின்னாலும் பிரச்சினை.

இப்போ அந்த கம்ப்யூட்டரோட ஜாதகம். இந்த மாதிரி ரூம்கள்ல சகஜமா பார்க்கறது: பத்து வருஷத்துக்கு மேல ஆன மெஷின், 2 இல்ல 4 ஜி.பி. ராம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. இன்டர்நெட் ஆபரேட்டரோட போன் ஹாட்ஸ்பாட். கடல் காத்துல போர்ட் எல்லாம் பச்சை பிடிச்சிருக்கும், மேல ஒரு கோட்டிங் தூசி. உள்ள ஓடறது பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6-ல யாரோ 2000-கள்ல எழுதின ஒரு புரோகிராம். எழுதினவர் இப்போ எங்க இருக்கார்னு ஓனருக்கே தெரியாது.

அந்த புரோகிராம் இன்னும் ஓடுது. அதுதான் இன்னைக்கு நாம பேசப்போற விஷயத்தோட மையம்.

விட்ஜெட் காலத்துல செத்தவங்க

டெஸ்க்டாப் மேல சின்னச் சின்னப் பெட்டியா மிதக்கற விட்ஜெட், வெப் மாதிரி எழுதி ஆப் மாதிரி ஓட்டற "ரிச் அப்ளிகேஷன்", இந்த ரெண்டுக்கும் 2003-லிருந்து 2012 வரைக்கும் ஒரு பெரிய குஸ்தி நடந்தது. நம்மள்ல பல பேர் அப்போ ஸ்கூல்ல இருந்தோம், அதனால பேர் கூடத் தெரியாது.

2003-ல கான்ஃபாபுலேட்டர்னு ஒண்ணு மேக்குக்கு வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சா போதும், கடிகாரம், வானிலை, எது வேணும்னாலும் செஞ்சு டெஸ்க்டாப்ல ஒட்டலாம். 2005 ஏப்ரல்ல ஆப்பிள் தன்னோட டாஷ்போர்டை இறக்கிச்சு. யோசனை யாரோடதுன்னு ஒரு சண்டையே நடந்தது. அதே வருஷம் ஜூலையில யாஹூ கான்ஃபாபுலேட்டரை வாங்கி யாஹூ விட்ஜெட்ஸ்னு பேர் மாத்துச்சு. 2007-ல விஸ்டாவோட மைக்ரோசாஃப்ட் கேட்ஜெட்ஸ் வந்தது. கூகுள் டெஸ்க்டாப்லயும் கேட்ஜெட் இருந்தது.

கணக்கு முடிவு: கூகுள் டெஸ்க்டாப் 2011-ல காலி. யாஹூ விட்ஜெட்ஸ் 2012-ல காலி. அதே 2012 ஜூலையில மைக்ரோசாஃப்ட்டே "கேட்ஜெட்ஸ் பாதுகாப்பு இல்லை, அணைச்சு வைங்க"ன்னு எச்சரிக்கை விட்டு, அணைக்கறதுக்கு ஒரு டூலும் கொடுத்துச்சு. ஆப்பிள் டாஷ்போர்டு கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு 2019-ல கேட்டலினாவோட போய்ச் சேர்ந்தது.

பெரிய ஆப் பக்கம் அடோபி ஏர் 2008 பிப்ரவரியில வந்தது. ஃப்ளாஷ் தெரிஞ்சவங்க, ஹெச்.டி.எம்.எல். தெரிஞ்சவங்க ரெண்டு பேருமே டெஸ்க்டாப் ஆப் எழுதலாம். ட்வீட்டெக் அதுல வந்ததுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும்னு சொன்னாங்க. 2011-ல லினக்ஸை விட்டுட்டாங்க. 2019-ல மொத்தமா ஹார்மன் கம்பெனி கையில கொடுத்துட்டாங்க. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல மூடினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டோட சில்வர்லைட் 2007-ல வந்து, 2008 ஒலிம்பிக்ஸை அமெரிக்காவுல என்.பி.சி. தளத்துல காட்டி, நெட்ஃப்ளிக்ஸ்ல ஓடி, 2011-ல கடைசி பெரிய பதிப்பு வந்து, 2021 அக்டோபர்ல சப்போர்ட் முடிஞ்சது. ஜாவாஎஃப்எக்ஸ் 2008-ல கோலாகலமா வந்தது, 2018-ல ஜே.டி.கே. 11 வரும்போது அதைத் தனியா வெளிய எடுத்து வச்சுட்டாங்க. சாகலை, தனிக்குடித்தனம் போயிடுச்சு.

வி.பி.6 எப்போ வந்தது? 1998. அந்த மொழிக்கு எடிட்டர் சப்போர்ட் எப்பவோ முடிஞ்சாச்சு. ஆனா அதுல எழுதின புரோகிராம் ஓடறதுக்கான ரன்டைமை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 வரைக்கும் கூடவே சுமந்துக்கிட்டு வருது. இத்தனை பளபளப்பும் போன பிறகு, எல்லாரும் கிண்டல் பண்ண அந்தச் சாம்பல் நிற ஜன்னல் நிக்குது. எனக்கு இதுல கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்கல.

தமிழ்நாட்டுல நடந்த ரெண்டு கதை

இது அமெரிக்கக் கம்பெனிகளோட கதை மட்டும் இல்லை. ரெண்டு உதாரணம் நம்ம பக்கத்துல இருந்தே சொல்றேன்.

ஒண்ணு ஜோஹோ. அப்போ கம்பெனி பேர் அட்வென்ட்நெட், 2009-லதான் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆச்சு. 2007 மே மாசம் கூகுள் கியர்ஸ்னு ஒரு பிரவுசர் ப்ளக்-இன் விட்டுச்சு. நெட் இல்லாதப்பவும் வெப் ஆப் ஓடணும், அதுக்கு ஒரு உள்ளூர் டேட்டாபேஸ். உலகத்துல முதல்ல அதைப் பிடிச்சுக்கிட்டவங்கள்ல நம்ம சென்னைக்காரங்களும் உண்டு. அதே 2007-ல ஜோஹோ ரைட்டர்ல கியர்ஸ் வச்சு, நெட் போனாலும் டாக்குமெண்ட் திறக்கற வசதி கொடுத்தாங்க. ஆனா கியர்ஸ் ஆயுசு கம்மி. 2010-லயே கூகுள் "இனி ஹெச்.டி.எம்.எல்.5 தான்"னு சொல்லிடுச்சு. நிறைய இன்ஜினியர் இருக்கற கம்பெனிக்கு அது பெரிய அடி இல்லை, புதுசா வர்ற வழிக்கு மாறிக்கலாம். ஒரே ஒரு ஃப்ரீலான்சரை வச்சு சாஃப்ட்வேர் எழுதின எடைமேடை ஓனருக்கு அந்த வசதி கிடையாது. "சீக்கிரம் புது டெக்னாலஜிக்கு மாறு"ங்கற அட்வைஸ் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுன்னு இங்கயே தெரியுது.

இன்னொண்ணு இ-கலப்பை. கம்ப்யூட்டர்ல தமிழ் டைப் பண்ண ஆரம்பிச்ச ஒரு தலைமுறைக்கு அது தெரியாம இருக்காது. டாஸ்க்பாரோட வலது ஓரத்துல ஒரு சின்ன ஐகான், ஒரு ஷார்ட்கட், உடனே தமிழ். ஆரம்பப் பதிப்புகள் கீமேன்ங்கற வேற ஒரு எஞ்சின் மேல ஓடிச்சு. கீமேன் அப்போ காசு கொடுத்து வாங்கற சாஃப்ட்வேர். அடுத்தவன் எஞ்சின் மேல எத்தனை நாள் உட்காரறதுன்னு, மூணாவது பதிப்புல தன்னார்வலர்கள் க்யூட்டியை எடுத்து சி பிளஸ் பிளஸ்ல புதுசா எழுதினாங்க, கோடு முழுக்க திறந்த மூலம். க்யூட்டி 1990-கள்ல இருந்து இருக்கற பிளாட்ஃபார்ம். கம்பெனி கை மாறியிருக்கு, நோக்கியா கூட ஒரு தடவை வாங்கியிருக்கு, ஆனா திறந்த மூல லைசென்ஸ் இருக்கறதால யாரும் ஒரு நாள் காலையில வந்து கடையைச் சாத்த முடியாது.

மேடை மேல ஏத்திப் பார்க்கலாம்

சரி, நம்ம ரூமுக்கு வருவோம்.

எலக்ட்ரான். 2013-ல கிட்ஹப்ல ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்து, 2015-ல இந்தப் பேர் வாங்கினது. வி.எஸ். கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் இதுதான். உள்ள ஒரு முழு குரோமியம் பிரவுசரும் ஒரு நோட் ஜே.எஸ்.ஸும் சேர்ந்தே வரும். அதனாலதான் "ஹலோ" சொல்ற ஆப்பே டிஸ்க்ல 200 எம்.பி. தாண்டும். நம்ம ரூமுல டிஸ்க் அளவு பெரிய பிரச்சினை இல்லை. ராம்தான் பிரச்சினை. அதைவிடப் பெருசு இது: குரோமியம் 110-வது பதிப்போட விண்டோஸ் 7-ஐ விட்டுடுச்சு, 2023 பிப்ரவரியில. அதே மாசம் வந்த எலக்ட்ரான் 23-ம் விட்டுடுச்சு. பழைய எலக்ட்ரான் 22-ல எழுதலாமான்னு கேட்பீங்க. எழுதலாம். ஆனா பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு முழு பிரவுசரை ஆபீஸ் கணக்கோட சேர்த்துப் பூட்டி வைக்கறீங்கன்னு அர்த்தம்.

டௌரி. 2022 ஜூன்ல முதல் பதிப்பு, 2024 அக்டோபர்ல ரெண்டாவது. இது பிரவுசரைக் கூடக் கொண்டு வராது, சிஸ்டத்துல ஏற்கெனவே இருக்கறதைப் பயன்படுத்திக்கும். விண்டோஸ்ல வெப்வியூ2, மேக்ல சஃபாரியோட எஞ்சின், லினக்ஸ்ல வெப்கிட். அதனால இன்ஸ்டாலர் சில எம்.பி.தான். யூடியூப்ல எல்லாரும் கைதட்டறது இதுக்குத்தான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் கூட 2023-ல எலக்ட்ரான்ல இருந்து வெப்வியூ2-வுக்கு மாறிச்சு. ஆனா கவனிங்க, ராம்ல ஓடறப்போ உள்ள இருக்கறது இன்னும் ஒரு குரோமியம்தான். அளவு குறைஞ்சது டவுன்லோட்ல, எடை மொத்தமா குறையல. விண்டோஸ் 7-க்கு வெப்வியூ2-வும் 109-வது பதிப்போட நின்னுபோச்சு. பின்னாடி பாகத்தை ரஸ்ட்ல எழுதணும். எனக்கு ரஸ்ட் பிடிக்கும். ஆனா நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு எடை வரலைன்னா, ரஸ்ட் தெரிஞ்சவரை எர்ணாவூர்ல எங்க போய்த் தேடறது?

ஃப்ளட்டர். 2022 பிப்ரவரியில விண்டோஸுக்கு ஸ்டேபிள் ஆச்சு. பிரவுசர் இல்லை, ஒவ்வொரு புள்ளியையும் தானே வரையும். போன் ஆப்பும் அதே கோடுல வேணும்னா நல்ல தேர்வு. ஆனா இப்போ விண்டோஸ் 10-க்குக் கீழ பேச்சே இல்லை. ஓனர் எடைமேடையை வீட்ல இருந்து போன்ல பார்க்கணும்னு கேட்டா யோசிக்கலாம், ஜன்னல் பக்கத்து கம்ப்யூட்டருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பிரவுசர்லயே ஓட்டினா என்ன, பி.டபிள்யூ.ஏ. பண்ணலாமேன்னு கேட்கறவங்களுக்கு: நீங்க நினைக்கறதை விட நல்ல யோசனை. 2021 மார்ச்ல க்ரோம் 89-ல வெப் சீரியல் வந்தது. வெப் பக்கத்துல இருந்தே ஆர்.எஸ்-232 போர்ட்டைப் படிக்கலாம், ஒரு தடவை அனுமதி கொடுத்தா போதும். நான் முதல் தடவை இண்டிகேட்டரோட எண் ஒரு சாதாரண வெப் பக்கத்துல ஆடறதைப் பார்த்தப்போ உண்மையாவே சிரிச்சுட்டேன். ஆனா அது இடிக்கற இடம் பிரிண்டர்.

பிரிண்டர்தான் தீர்ப்பு சொல்லும்

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா பிளாட்ஃபார்ம் ஒப்பிடற வீடியோ எதுலயும் இது வராது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஏன் இன்னும் இருக்கு? கார்பன் காப்பி. டிரைவருக்கு ஒண்ணு, பார்ட்டிக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு, ஒரே அடியில மூணு. ஊசி காகிதத்துல இடிக்கணும், இல்லேன்னா கீழ இருக்கற தாள்ல விழாது. லேசர், இங்க்ஜெட் ரெண்டுக்கும் இது முடியாது.

அந்த பிரிண்டருக்கு ரெண்டு வழியில வேலை கொடுக்கலாம். எழுத்தை எழுத்தாவே அனுப்பினா, தன்கிட்ட இருக்கற எழுத்துருவுல கண் இமைக்கற நேரத்துல அடிச்சுத் தள்ளும். படமா அனுப்பினா, ஒவ்வொரு புள்ளி வரிசையா மெதுவா தேய்க்கும், ரிப்பனும் சீக்கிரம் போகும். பிரவுசருக்கு முதல் வழி தெரியாது. அது எதை அடிச்சாலும் பக்கத்தைப் படமா மாத்தித்தான் அனுப்பும். பிரிண்ட் டயலாக் பெட்டி வராம இருக்க க்ரோம்ல ஒரு ஸ்விட்ச் இருக்கு, ஆனா படம் படம்தான். எலக்ட்ரான், டௌரியிலயும் பக்கத்தை அப்படியே பிரிண்ட் பண்ணா இதே கதை. எழுத்தா அனுப்பணும்னா நேட்டிவ் பக்கம் தனியா ஒரு பாகம் எழுதியே ஆகணும். பழைய புரோகிராம் இதை என்ன பண்ணும் தெரியுமா? ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதி, டாஸ் கட்டளையில நேரா பிரிண்டர் போர்ட்டுக்குக் காப்பி பண்ணிடும். அசிங்கமா இருக்கும். ஒரு சீட்டுக்கு ரெண்டு நொடி.

லாரி ஒண்ணுக்கு இருபது நொடி கூடுதலா போனா என்ன? ஒரு நாளைக்கு முந்நூறு வண்டின்னு வச்சுக்கங்க. 6,000 நொடி. ஒரு மணி நாற்பது நிமிஷம், பிரிண்டர் தேய்க்கறதுக்கு மட்டும்.

இங்க தமிழும் உள்ள வருது. "சீட்டு தமிழ்ல வேணும்"னு கேட்டா, எழுத்தா அனுப்பற வழி அடைபட்டுடும், ஏன்னா பிரிண்டருக்குள்ள தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்னா படம், படம்னா மெதுவு. இதுக்கு நம்ம அச்சகக்காரங்க எப்பவோ வழி கண்டுபிடிச்சுட்டாங்க. தலைப்பு, கட்டம், "வண்டி எண்", "காலி எடை", "நிகர எடை" எல்லாத்தையும் தமிழ்ல அச்சடிச்ச சீட்டுக் கட்டு. சாஃப்ட்வேர் எண்ணை மட்டும் அந்தந்த கட்டத்துல விழ வச்சா போதும். கோடு எழுதறவன் தலையைப் பிச்சுக்கற ஒரு பிரச்சினையை ராயபுரத்துல ஒரு பிரஸ்காரர் காகிதத்துலயே முடிச்சுடுவார்.

திரையில தமிழ் வேற விஷயம். வி.பி.6 இங்கதான் தோக்கும். உள்ளுக்குள்ள யூனிகோட் வச்சிருந்தாலும், அதோட லேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் பழைய முறை. யூனிகோட் தமிழ் கொடுத்தா வரிசையா கேள்விக்குறி காட்டும். அதனால அந்தக் காலத்துல பாமினி மாதிரி எழுத்துரு போட்டு ஒப்பேத்தினாங்க. திரையில "முருகன் டிரான்ஸ்போர்ட்"னு தெரியும், டேட்டாபேஸ்ல ஏதோ ஆங்கிலக் கிறுக்கல் இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-ல யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிச்சு, ஆனா இந்த டேட்டாபேஸ்கள் யாருக்கும் சொல்லாம அப்படியே தூங்குது. புதுசுக்கு மாறும்போது முதல் நாள் வேலை இதை மாத்தறதுதான். கொட்டேஷன்ல அந்த வரி இருக்கான்னு பாருங்க.

நான் எழுதினா எப்படி எழுதுவேன்

ரெண்டாப் பிரிப்பேன். கீழ ஒரு சின்ன நேட்டிவ் புரோகிராம்: சீரியல் போர்ட்டைப் படிக்கறது, அடங்கின எடையைத் தேர்ந்தெடுக்கறது, டேட்டாபேஸ்ல எழுதறது, பிரிண்டருக்கு எழுத்தா அனுப்பறது. அவ்வளவுதான் அதுக்கு வேலை. மேல இருக்கற திரையை அதே மெஷின்ல, லோக்கல்ஹோஸ்ட்ல ஒரு வெப் பக்கமா காட்டலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஆஃப்லைன் டூல் போட்டிருப்பீங்க இல்ல? பின்னாடி நோட் ஜே.எஸ்.ல ஒரு லோக்கல் சர்வர் ஓடும், முன்னாடி உங்க பிரவுசர் திறக்கும். ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல டிஜிட்டல் கையெழுத்து போட எம்சைனர் பின்னணியில ஓடறதும் இதே சாயல்தான். முன்னாடி இந்த வேலையை ஜாவா ஆப்லெட் பண்ணிச்சு. 2015 செப்டம்பர்ல க்ரோம் 45 அந்த வகை ப்ளக்-இன்னை மொத்தமா நிறுத்தினப்போ, தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு மாதிரி இடத்துல இருக்கற சின்ன ஆபீஸ்கள் எல்லாம் கையெழுத்து போட மட்டும் ஒரு பழைய பிரவுசரை வச்சுக்க வேண்டியிருந்தது.

கீழ் பாகத்துக்கு என்ன மொழி? விண்டோஸ் 7-லயும் ஓடணும்னா டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, வின்ஃபார்ம்ஸ். காதல் வர்ற பதில் இல்லைன்னு தெரியும். ஆனா விண்டோஸ் 7 எஸ்.பி.1-லிருந்து 11 வரைக்கும் ஓடும், சீரியல் போர்ட் வசதி உள்ளயே இருக்கு, திரையில தமிழ் ஒழுங்கா வரும், கோடு புரிஞ்சு திருத்தக்கூடிய ஆள் ஒவ்வொரு தெருவுலயும் இருக்காங்க. ராம் கம்மியா இருந்தா மேல இருக்கற வெப் பக்கத்தையும் விட்டுட்டு, இதுலயே திரையைப் போட்டுடுவேன். மெஷினே புதுசா வாங்கறாங்கன்னா, விண்டோஸ் 10-க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது, அதனால 11-தான் வாங்கணும். அப்போ டௌரியும் ஆட்டத்துக்கு வரும், நல்லாவே வரும். லினக்ஸ் போடத் தயாரா இருந்தா க்யூட்டி.

டேட்டாபேஸ் பத்தி மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எஸ்.க்யூ.லைட். ஒரே ஒரு ஃபைல், பென் டிரைவ்ல காப்பி பண்ணா பேக்கப். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நான் மேல சொன்ன செத்துப்போன கூகுள் கியர்ஸ் உள்ள இருந்த டேட்டாபேஸ் எஸ்.க்யூ.லைட்தான். அடோபி ஏர் உள்ள இருந்ததும் எஸ்.க்யூ.லைட்தான். கியர்ஸ் போச்சு, ஏரை அடோபி கை கழுவிடுச்சு, அந்த ஃபைல் யார்கிட்டயாவது இருந்தா இன்னைக்கும் திறக்கும். அதை எழுதறவங்க 2050 வரைக்கும் சப்போர்ட் பண்றதா வெளிப்படையா சொல்லி வச்சிருக்காங்க. ஒரு விட்ஜெட் கம்பெனியும் அப்படி ஒரு வருஷத்தைச் சொன்னதா நான் பார்த்ததில்லை.

பழைய வி.பி. புரோகிராம் ஒழுங்கா ஓடுதுன்னா? ஓடட்டும். அவசரமா மாத்தச் சொல்றவங்க என்ன விக்க வந்திருக்காங்கன்னு பாருங்க. அந்த மெஷினை நெட்ல இருந்து பிரிச்சு வைங்க, எம்.டி.பி. ஃபைலை தினமும் வெளிய காப்பி எடுங்க. மாத்தறப்போ, புதுசும் பழசும் ரெண்டு வாரமாவது பக்கத்துல பக்கத்துல ஓடணும், ரெண்டு சீட்டும் ஒத்துப்போகணும்.

கொட்டேஷன் கொடுக்கறவர்கிட்ட கேட்க வேண்டியதுல எனக்கு முக்கியமா படறது மூணு. சோர்ஸ் கோடு ஓனர் கையில வருமா? நெட் இல்லாம, லைசென்ஸ் சர்வர் இல்லாம, ஒரு மாசம் ஓடுமா? எடையைக் கையால டைப் பண்ற பெட்டி இருக்கா? மூணாவது கேள்விக்கு "இருக்கு சார், வசதிக்காக"ன்னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. சட்டமுறை எடையளவுத் துறை முத்திரை வைக்கறது எடைக் கருவிக்கு. அந்தக் கருவி சொன்ன எண்ணுக்கும் சீட்டுல விழற எண்ணுக்கும் நடுவுல ஒரு கீபோர்டு புகுந்தா, முத்திரைக்கு என்ன மதிப்பு? அபராதம் கட்டறவர் ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டிக்கிட்டு நிக்கறவர்.

கடைசியா ஒரு சின்ன விஷயம், கட்டாயம் யாராவது கேட்பீங்க. புது மெஷின்ல சீரியல் போர்ட் இருக்காது, யூ.எஸ்.பி. கன்வர்ட்டர் வாங்கணும். சும்மா கிடைக்கற மலிவான கன்வர்ட்டரை வேற ஓட்டையில மாத்திச் சொருகினா காம் 3 இருந்தது காம் 5 ஆயிடும், புரோகிராம் எடை வரலைன்னு நிக்கும். அதனால போர்ட் எண்ணைக் கோடுக்குள்ள எழுதி வைக்காதீங்க, ஆபரேட்டர் அக்காவே மாத்திக்கற மாதிரி செட்டிங்ஸ்ல ஒரு பெட்டி வைங்க. அதுவரைக்கும் அந்த ஓட்டைக்கு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "இதுல மட்டும்"னு எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல சீரியல் போர்ட்ல வர்ற எழுத்தை எப்படிப் பிரிச்சுப் படிக்கறதுன்னு கோடோட பார்க்கலாம். உங்க இண்டிகேட்டர் துப்பற வரியை, பார்ட்டி பேர் எல்லாம் எடுத்துட்டு, அனுப்பி வைங்க.